முட்டத்துக்குப் போன எண்ணெய்

அத்தியாயம் 6

வடசேரியில் ஒரு நேந்திரங்காய் வற்றல் கடையின் மாடியில் 'பகவதி துப்பறியும் நிலையம்' இருக்கிறது. படியேறி வருகிறவர்களில் பாதிப்பேர், கீழே கூட்டமாக இருக்கிறதே, மேலேயும் வற்றல் கிடைக்குமா என்று பார்க்க வருகிறவர்கள். மீதிப்பேர் மாப்பிள்ளை குடிப்பானா என்று விசாரிக்கச் சொல்லுவார்கள். அதைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் மூளை ஒன்றும் தேவையில்லை, மாப்பிள்ளையின் நண்பனுக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்தால் போதும். ஆனாலும் பகவதி அந்த வேலைகளையும் மறுக்காமல் செய்து வந்தார்.

அன்று காலை வந்த பெண் வற்றலும் கேட்கவில்லை, மாப்பிள்ளையும் விசாரிக்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"எம் பேரு லிஜா. முட்டத்துல தையல் கடை வச்சிருக்கேன். என் தம்பி பிரபினை இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கள்ளனாக்கப் போறாங்க அக்கா."

"இப்ப என்னவா இருக்கான்?" என்று கேட்டான் ததேயுஸ்.

ததேயுஸ் பகவதியின் உதவியாளன். முன்பு மினிபஸ் கண்டக்டர். பஸ்ஸை விட்டு இறங்கியபோது பையையும் விசிலையும் ஒப்படைத்தவன் வாயை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டான். பகவதி அவனை ஒரு பார்வை பார்த்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீடு விசாரிக்கும் வேலையில் இருந்தபோது, செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட எத்தனையோ பசுமாடுகளை உயிரோடு கண்டுபிடித்த பார்வை அது. ததேயுஸ் கொஞ்ச நேரத்துக்கு அடங்கினான்.

"நீ சொல்லு மோளே," என்றார் பகவதி.

லிஜா சொன்னாள். வேர்க்கிளம்பி பக்கம் ஹரிகுமார் என்பவர் ஒரு கம்பெனி வைத்திருக்கிறார். மரத்தூள், முந்திரிக்கொட்டைத் தோடு, மட்டை, வாழை என்று செடிகொடிக் கழிவு எது கிடைத்தாலும் போட்டு எண்ணெய் எடுக்கிற கம்பெனி. அங்கே பிரபின் மெஷின் ஓட்டுகிறான். டேங்கில் இருந்த எண்ணெய் இப்போது எரியவில்லையாம், தண்ணீர் மாதிரி இருக்கிறதாம். எண்ணெயைத் திருடி, அளவு குறையாமல் இருக்கத் தண்ணீரை ஊற்றி வைத்தது பிரபின்தான் என்கிறார் முதலாளி. எண்ணெயைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் போலீசில் எழுதிக் கொடுப்பாராம்.

"அவனுக்குக் கத்தார் விசா வந்திருக்கு அக்கா. போலீஸ் க்ளியரன்ஸ் சர்டிபிகேட் வாங்கணும். இவரு கேஸ் குடுத்தா அது கிட்டாது, விசாவும் போயிரும். ரெண்டு வருசம் ஏஜெண்டுக்குப் பின்னால நடந்து வாங்கின விசாவாக்கும்."

"அவன் எண்ணெய் எடுத்தானா?"

"இல்லன்னு சத்தியம் பண்ணுதான்."

"எதையாவது எடுத்தானா?"

லிஜா தயங்கினாள். "வேஸ்ட்டு. கேன்ல புடிச்சு பைக்ல வச்சு வீட்டுக்குக் கொண்டாந்தான். அதை ரெண்டு பேரு பாத்திருக்காங்க."

"கொள்ளாம், நல்ல கதை," என்றான் ததேயுஸ். "எங்க பஸ்ல பர்ஸ் அடிக்கிறவனும், காலி பர்சுன்னு நினைச்சுத்தான் எடுத்தேன்னு சொல்லுவான்."

லிஜாவின் கண் நிறைந்துவிட்டது. ததேயுஸுக்கே சங்கடமாகிப் போய், கீழே போய் ஒரு பொட்டலம் வற்றல் வாங்கிக்கொண்டு வந்தான். அவனுக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

---

பகவதி ஸ்கூட்டர் ஓட்ட, ததேயுஸ் பின்னால் உட்கார்ந்து ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டு வேர்க்கிளம்பிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஹரிகுமார் வாசலிலேயே நின்றார். வளைகுடாவில் கச்சா எண்ணெய் டேங்குகளுக்குப் பொறுப்பாளராக நெடுநாள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். சட்டைப் பையில் மூன்று பேனா. பழைய கம்பெனியின் தொப்பியை இன்னும் கழற்றவில்லை.

"இன்சூரன்ஸ்ல இருந்தவங்கன்னு கேள்விப்பட்டேன். அப்ப உங்களுக்கு டெக்னிக்கலாச் சொன்னா புரியும். எண்ணெய் என் ரத்தத்துல ஓடுது மேடம்."

"டாக்டர்ட்ட காட்டினியளா சார்?" என்று கேட்டான் ததேயுஸ்.

ஹரிகுமார் அதைக் காதில் வாங்காமல் இயந்திரத்தைச் சுற்றிக் காட்டினார். ஒரு பெரிய இரும்பு உருளை. கழிவை உள்ளே தள்ளி, காற்றுப் புகாமல் மூடி, வெளியிலிருந்து சூடேற்றுகிறார்கள். காற்று இல்லாததால் உள்ளே இருப்பது தீப்பிடிக்காது. வெந்து, புகையாகி, குழாய் வழியே போகும். குழாயைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர். புகை குளிர்ந்து எண்ணெயாகச் சொட்டும். குளிராத வாயு அடுப்புக்கே திரும்பிப் போய் எரியும். கடைசியில் உருளைக்குள் கரி மிஞ்சும்.

"சாராயம் வாற்றுற அதே சங்கதியாக்கும்," என்றான் ததேயுஸ். "எங்க ஊர்ல இதுக்குப் போலீஸ் வரும். உங்களுக்குப் பேங்க் லோன் வருது."

"இது விஞ்ஞானம்."

"அதுவும் விஞ்ஞானந்தான் சார். குடிச்சவனைக் கேட்டுப் பாருங்க."

கொட்டகை ஓரத்தில் கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் ஒரு வாலிபன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அதுதான் பிரபின். இயந்திரத்தைத் தொடக்கூடாது, வீட்டுக்கும் போகக்கூடாது என்று உத்தரவு. அவனைப் பார்த்துக்கொள்ள இரண்டு தொழிலாளிகள், அவர்களைப் பார்த்துக்கொள்ள வேலிக்கு அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர். இலவசமாகக் கிடைக்கிற வேடிக்கையை நம் ஜனங்கள் விட்டு வைப்பதில்லை.

ஹரிகுமார் டேங்கின் மேல் ஏறினார். கயிற்றில் கட்டிய பாட்டிலை மேல் மூடி வழியாக இறக்கி, தூக்கிக் காட்டினார். பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் தெளிவாக ஒரு திரவம்.

"இதைப் பாருங்க! முதல் மாசம் இதே டேங்க்லேருந்து ரப்பர் கையுறைக் கம்பெனி பாய்லருக்கு சாம்பிள் அனுப்பினேன். கறுகறுன்னு இருந்துச்சு, நின்னு எரிஞ்சுது. போன வாரம் அனுப்பினேன். பர்னர் அணைஞ்சு போச்சு. 'என்ன ஹரி, கஷாயம் அனுப்பியிருக்கீங்க, யாருக்கு இருமல்?'னு போன்ல கேக்கான் அந்த மானேஜர். நாளைக்கு அவங்களும் பேங்க்காரங்களும் நேர்ல வாராங்க. நான் எதைக் காட்டட்டும்?"

பகவதி பாட்டிலை வாங்கி மோந்து பார்த்துவிட்டு ததேயுஸிடம் நீட்டினார்.

"புளிச்ச கஞ்சி அக்கா. புளிச்ச கஞ்சியை அடுப்புப் புகையில வச்ச மாதிரி."

"இங்க வெள்ளம் எங்கேருந்து எடுக்கிறீங்க?" என்று ஹரிகுமாரைக் கேட்டார் பகவதி.

"அந்தக் கிணறு ஒண்ணுதான். அதுலேருந்துதான் இவன் கோரி ஊத்தியிருக்கணும்."

பகவதி கிணற்றடிக்குப் போனார். வாளியில் கோரி, முதலில் மோந்தார், பிறகு இரண்டு கை நிறைய அள்ளிக் குடித்தார். "நல்ல இனிப்பு வெள்ளம்," என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார். ததேயுஸ் குறிப்பேதும் கிடைக்காமல் தானும் இரண்டு கை குடித்து வைத்தான்.

இயந்திரத்துக்குப் பக்கத்தில் வாழை மலைபோல் குவிந்து கிடந்தது. குலையோடு வாசலில் கட்டி, குலையை மட்டும் யாரோ அறுத்துக்கொண்டு போன முழு வாழைகள். சாப்பிட்ட இலைகள், மாலைகள், தோரணம்.

"ஆவணி முகூர்த்தம் பாத்தியளா," என்றார் ஹரிகுமார் பெருமையோடு. "எல்லாக் கல்யாண மண்டபத்துலேருந்தும் அவங்க வண்டியிலேயே கொண்டு தட்டிட்டுப் போறாங்க. முந்தி ரப்பர் மரத்தூளும், முந்திரிப் பருப்பெடுக்கிற அண்டியாபீஸ்லேருந்து தோடும் விலைக்கு வாங்கினேன். இப்ப எல்லாம் ஓசி. வந்த அன்னைக்கே உள்ள தள்ளிருவோம்."

பகவதி ஒரு வாழைத்தண்டின் மேல் உட்கார்ந்து யோசித்தார். எழுந்தபோது சேலையின் பின்பக்கம் நனைந்திருந்தது. அவர் அதைப் பிழிந்துவிட்டு, ஏதோ நல்ல செய்தி கேட்டவர் போலச் சிரித்தார். ததேயுஸுக்கு இதுவும் விளங்கவில்லை.

"பிரபின், நீ கொண்டு போனது எது?"

பையன் எழுந்து நின்றான். "கசடு மேடம். டேங்கோட அடியிலேருந்து வாரது. பின்னால குழியில விடச் சொல்லியிருக்காரு. குழி நெறஞ்சு போச்சு. பக்கத்து விளைத் தோப்புக்காரங்க கிணறு கெட்டுப் போவும்னு சண்டைக்கு வந்தாங்க. அதான் கேன்ல புடிச்சுக் கொண்டு போனேன். சார்ட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காதது தப்புதான்."

"கேட்டியளா கதையை?" ஹரிகுமார் வேலிப்பக்கம் இருந்தவர்களுக்கும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னார். "கசடை எவனாவது பைக்ல வச்சு முட்டம் வரைக்கும் கொண்டு போவானா? கடற்கரைப் பயலுவள எனக்குத் தெரியும் மேடம். எண்ணெய்யைக் கண்டா மீன்புடி வள்ளத்து எஞ்சின்ல ஊத்தாம விடமாட்டானுவ."

பிரபினின் காது சிவந்துபோனது. ததேயுஸ் வாயைத் திறந்தான். அன்றைக்கு முதல்முறையாக அவனுக்குப் பகடி எதுவும் வரவில்லை.

"நானும் கடற்கரைதான் சார்," என்றான். "தேங்காய்ப்பட்டணம்."

"அய்யோ, நான் உங்களைச் சொல்லல்ல," என்றார் ஹரிகுமார்.

இந்த வாக்கியத்தைச் சொல்கிறவர்கள் அதற்கு முன்னால் சொன்னது துடைபட்டுப் போய்விடும் என்று எப்படித்தான் நம்புகிறார்களோ தெரியவில்லை.

---

"எஞ்சின்ல ஊத்தினான்னா எஞ்சின் செத்திருக்கணும்," என்றார் பகவதி, முட்டம் ரோட்டில் திரும்பும்போது. "இந்த எண்ணெய் புளிப்பு. இரும்பை அரிக்கும், பிசின் மாதிரி ஒட்டும். கொதிகலன் அடுப்புல எரிக்கலாம், வள்ளத்து எஞ்சின்ல ஊத்தினா அன்னைக்கே மூச்சு நின்னுரும்."

"அப்ப செத்த எஞ்சினைத் தேடுவோம். நமக்குச் செத்த மாட்டைத் தேடிப் பழக்கந்தானே."

முட்டம் கடற்கரையில் செத்த எஞ்சின் ஒன்றும் கிடைக்கவில்லை. ததேயுஸ் விசாரித்த எஞ்சின்கள் எல்லாம் நல்ல சுகத்தோடு இருந்தன. பிரபினின் சித்தி லீமாவின் எஞ்சினும் அப்படியே. லிஜா முன்னால் நடந்து, சித்தியின் வள்ளத்தைக் காட்டினாள். மணலில் கவிழ்த்துப் போட்டிருந்த மர வள்ளம். அடிப்பக்கம் முழுக்கப் பளபளவென்று கறுப்பு.

"புதுப் பூச்சாக்கும். கொள்ளாமா?" என்றாள் லீமா. மீன் விற்றே தொண்டையை வளர்த்தவள். அவள் ரகசியம் பேசினால் லைட்ஹவுஸ் வரை கேட்கும்.

"எதை வச்சுப் பூசினீங்க சித்தி?" ததேயுஸின் குரல் இறங்கிவிட்டது.

"பிரபின் கொண்டாந்த வேஸ்ட்டு. சவத்தைத் தூரப் போடுலேன்னுதான் முதல்ல சொன்னேன். அப்புறம் மணத்தைப் பாத்தா, முந்தி வள்ளத்துக்கு அண்டியெண்ணெய், அந்த முந்திரித் தோட்டு எண்ணெய் தேய்ப்போம்லா, அதே போல இருந்துச்சு. சும்மா ஒரு பக்கம் பூசிப் பாத்தேன். வெயில்ல காய்ஞ்சு தோல் மாதிரிப் புடிச்சுக்கிச்சு மக்கா. இன்னும் ரெண்டு கேன் அந்த ஓலைக்கு அடியில கெடக்கு. அண்ணன் வள்ளத்துக்கு வச்சிருக்கேன்."

ததேயுஸ் வள்ளத்தின் ஓரத்தில் காய்ந்து நின்ற ஒரு துணுக்கை நகத்தால் பெயர்த்தான். தீப்பெட்டியை உரசிக் காட்டினான். துணுக்கு புகைந்து, பொரிந்து, பிறகு நன்றாகவே பற்றி எரிந்தது.

அவன் பகவதியைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான். "அக்கா, முடிஞ்சுது. இது எரியுது. அங்க டேங்க்ல இருக்கிறது எரியல்ல. எண்ணெய் இங்க, வெள்ளம் அங்க. பையன் மாட்டிக்கிட்டான். நாம பேசாம பீஸைத் திருப்பிக் குடுத்துட்டு ஒரு பிளேட் மீன் வறுவல் தின்னுட்டுப் போவோம்."

தனியாக என்று அவன்தான் நினைத்தான். காற்று லிஜாவின் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அவன் என்கிட்டயும் பொய் சொன்னானா?" என்று அழுதாள். போலீஸைவிட, விசாவைவிட, அந்த நேரத்தில் அவளுக்கு அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது.

"லீமா, ஒரு டம்ளர் வெள்ளம் தாருங்க," என்றார் பகவதி.

"அவ அழுதா. உங்களுக்குத் தாகமா?" என்று கேட்டுக்கொண்டே லீமா கொடுத்தாள்.

பகவதி குடிக்கவில்லை. ஓலைக்கு அடியில் இருந்த கேனைத் திறந்து, குச்சியால் ஒரு சொட்டுக் கறுப்பை எடுத்து டம்ளருக்குள் விட்டார். சொட்டு நேராக அடிக்குப் போய் உட்கார்ந்தது. ஓரத்தில் மட்டும் லேசாகச் சாயாநிறம் கசிந்தது. பகவதி டம்ளரை வெயிலுக்கு நேரே பிடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது வேஸ்ட்டுன்னு பிரபினுக்கு யாரு சொன்னா?"

"முதலாளிதான்," என்றாள் லீமா. "டெய்லி சாயங்காலம் அவரே வந்து, அவரு கையாலத்தான் அடியிலே தொறந்து விடுவாராம். வேற ஒருத்தனையும் தொட விடமாட்டாராம். ஏதோ பூஜை மாதிரின்னு பய சொல்லிச் சிரிப்பான்."

காலையில் வாங்கிய பொட்டலத்திலிருந்து எடுத்து வாயில் போடப்போன வற்றலைப் பகவதி கீழே வைத்தார். ததேயுஸுக்குத் தெரியும், அவர் வற்றலைக் கீழே வைத்தால் யாரோ ஒருவர் அன்றைக்கு நன்றாகத் தூங்கப்போவதில்லை.

"எழும்பு மோளே," என்று லிஜாவைக் கையைப் பிடித்துத் தூக்கினார். "உன் தம்பி பொய் சொல்லல்ல. சாயங்கால பூஜைக்கு நேரமாச்சு, நீயும் வா."

---

அவர்கள் திரும்பியபோது ஹரிகுமார் முகம் கழுவி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு தயாராக இருந்தார்.

"நான் மத்தியானமே ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டேன் மேடம். நல்லவன்னு பாத்து ஏமாந்தது போதும். போலீஸ் இப்ப வரும்."

லிஜா தம்பியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். பகவதி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அதுக்கு முன்னால ஒரு ஆசை சார். நீங்க டேங்க்லேருந்து வெள்ளம் பிரிக்கிறதைப் பாக்கணும். அனுபவம் உள்ளவங்க செய்யுறதைப் பாத்தாத்தானே எங்களுக்கும் தெரியும்."

இப்படிக் கேட்டால் மறுக்கிற மனிதன் இன்னும் பிறக்கவில்லை. ஹரிகுமார் டேங்கின் அடியில் குத்தவைத்து உட்கார்ந்து, வால்வின் மேல் கை வைத்தார்.

"கச்சா எண்ணெய் டேங்க்ல தினமும் இதைச் செய்யணும். எண்ணெய் இலேசு, மேல மெதக்கும். வெள்ளமும் கசடும் கனம், அடியில தங்கும். அதைத் தொறந்து விட்டாத்தான் எண்ணெய் சுத்தமாகும். அங்க இத்தனை வருசத்துல ஒரு நாள்கூட நான் இதை மறந்ததில்ல மேடம். இங்கேயும் அப்படித்தான்."

வால்வைத் திறந்தார். கறுப்பாக, கெட்டியாக, மெதுவாக வழிந்தது. புகை நாற்றம் கண்ணைக் கரித்தது.

"பாத்தியளா? கசடு. இதெல்லாம் வெளிய போவட்டும்."

கறுப்பு வடிந்து முடிந்தது. சாயாநிறத்தில் தெளிவாக ஒழுகத் தொடங்கியது. ஹரிகுமார் உடனே வால்வை இறுக்கி மூடினார். "தெளிவு வந்தாச்சு. அதுக்கு மேல ஒரு சொட்டு விடமாட்டேன். அது எண்ணெய்."

"ததேயு, ரெண்டு துணி கிழி," என்றார் பகவதி.

ஒரு துணியை டேங்கின் மேலிருந்து எடுத்த சாயாநிறத் திரவத்தில் முக்கினார்கள். இன்னொன்றைக் கீழே வழிந்த கறுப்பில் முக்கினார்கள். இரண்டையும் செங்கல்லின் மேல் வைத்து, ததேயுஸ் அடுப்பிலிருந்து தேங்காய்ச் சிரட்டைக்கனலை எடுத்து வந்து ஒவ்வொன்றின் மேலும் வைத்தான். ஹரிகுமாரின் சுத்தமான எண்ணெய் உஸ்ஸென்று சீறிக் கனலை அணைத்துவிட்டது. கறுப்புத் துணி முரண்டு பிடித்தது, புகைந்தது, பிறகு குப்பென்று பிடித்து நின்று எரிந்தது.

வேலிக்கு அப்பால் ஒருவர், "கசடு நல்லா எரியுதே," என்றார்.

"கச்சா எண்ணெய் மெதக்கும் சார்," என்றார் பகவதி. "இது மெதக்காது. முட்டத்துல ஒரு டம்ளர் வெள்ளத்துல விட்டுப் பாத்தேன், கல்லு மாதிரி அடிக்குப் போச்சு. இதுக்கு வெள்ளத்தைவிடக் கனம்."

"அப்படின்னா முதல் மாசம் மட்டும் எப்படி..."

"முதல் மாசம் நீங்க போட்டது காய்ஞ்ச மரத்தூள், முந்திரித் தோடு. அதுலேருந்து வந்த கொஞ்ச வெள்ளம் எண்ணெயிலேயே கரைஞ்சு கெடந்துது. அதனால டேங்க்ல மேலேயும் கீழேயும் ஒண்ணுபோலக் கறுப்பு. அன்னைக்கு நீங்க அடியில தொறந்து கொஞ்சம் விட்டதும் ஒரு நட்டமாத் தெரியல்ல. அப்புறம் ஓசி வாழை வந்துது. நான் செத்த நேரம் உக்காந்ததுக்கே என் சேலை நனைஞ்சுது. அதைக் காயப்போடாம அன்னைக்கே உள்ள தள்ளினா என்ன வரும்? வாழைக்குள்ள இருந்த வெள்ளந்தான் ஆவியாகி வந்து டேங்க்ல மேல நிக்குது. பிரபின் கிணத்துலேருந்து ஊத்தியிருந்தா அது ஏன் புளிக்குது? உங்க கிணத்து வெள்ளத்தைக் குடிச்சுப் பாத்தாச்சு, இனிப்பா இருக்கு."

ததேயுஸுக்கு இப்போதுதான் வழி திறந்தது. "அப்ப டெய்லி சாயங்காலம் எண்ணெய் முழுசையும் வெளிய விட்டுட்டு, கஷாயத்தைப் பத்திரமாப் பூட்டி வச்ச கள்ளன்..."

"வால்வைத் தொறந்த கை யாருது?" என்று மட்டும் கேட்டார் பகவதி.

ஹரிகுமார் தன் கையைப் பார்த்தார். விரல்களில் கறுப்பு ஒட்டியிருந்தது. தொப்பியைக் கழற்றினார். ஊர் வந்து சேர்ந்தபிறகு அதை அவர் பலர் முன்னால் கழற்றியது அன்றுதான்.

---

மனிதன் தன் தவறை உணர்ந்த உடனே திருந்திவிடுவதாகக் காட்டுவது கதை எழுதுகிறவர்களுக்குச் சௌகரியம். ஹரிகுமார் தன் தவறை உணர்ந்த உடனே செய்த முதல் காரியம், வேலிக்கு அப்பால் நின்றவர்களை விரட்டியது. இரண்டாவது, பகவதியை ஓரமாகக் கூப்பிட்டது.

"ஏதோ தவறான புரிதல்னு எழுதிக் குடுத்துக் கேஸை முடிச்சிருவோம் மேடம். நாளைக்கு பேங்க்காரங்க வாராங்க. நான்தான் வெளிய கொட்டினேன்னு எழுதினா, எனக்கு இந்தத் தொழில் தெரியாதுன்னுல்லா ஆகும்?"

"தவறான புரிதல்னு எழுதினா, ரெண்டு கட்சியும் சமாதானமாப் போச்சுன்னு போலீஸ் எழுதிக்குவாங்க. திருட்டு நடந்துச்சு, பேசி முடிச்சாங்கன்னு அதுக்கு அர்த்தம். நாளைக்கு அவன் சர்டிபிகேட்டுக்கு எழுதிப் போட்டா அந்தப் பேப்பர் எழும்பி நிக்கும். திருட்டே நடக்கல்லன்னு நீங்க எழுதணும். அது எப்படின்னும் எழுதணும்."

"அது என் மானம் மேடம்."

"அது அவன் பொழைப்பு."

ஹரிகுமார் டேங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவேளை அப்படியே நின்றிருப்பார். அப்போதுதான் லிஜா பேசினாள். காலையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் குரல் இல்லை அது.

"நாளைக்கு வாரவங்களுக்கு நீங்க எண்ணெய் காட்டணும்லா சார்? உங்க டேங்க்ல இருக்கிறது வாழைவெள்ளம். குழியில விட்டது மண்ணும் சேறுமாப் போச்சு. மிச்ச எண்ணெய் எங்க சித்தி வீட்டு ஓலைக்கு அடியில ரெண்டு கேன் கெடக்கு. நீங்க இன்னைக்கு ஸ்டேஷனுக்கு வந்து எழுதினா, ராத்திரிக்குள்ள அது இங்க வரும். எழுதல்லேன்னா, எங்க மாமா வள்ளத்துக்கு இன்னும் அடிப்பக்கம் பூசல்ல."

ததேயுஸ் அவளைப் பார்த்த பார்வையில் பக்தி இருந்தது. "அக்கா, நம்ம ஆபீஸ்ல ஆளு எடுக்கிறோமா?" என்று பகவதியிடம் மெல்லக் கேட்டான்.

ஹரிகுமார் காரை எடுத்தார்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் அவர் எழுதியதை ஒரு தடவை மனதுக்குள் படித்தார். பிறகு ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தார்.

"'மேற்படி எண்ணெய் களவு போகவில்லை என்றும், கழிவு என்று கருதி நானே தினமும் என் கையால் வெளியேற்றி வந்தேன் என்றும்...' அப்ப மத்தியானம் கள்ளனைப் புடிங்கன்னு எழுதிக் குடுத்தீங்களே, இப்ப நான் யாரைப் புடிக்கணும்?"

"யாரையும் வேண்டாம் சார்."

"வால்வைத் தொறந்தது யாரு?"

"நான்தான் சார்," என்றார் ஹரிகுமார்.

எழுதிக்கொண்டிருந்த ஏட்டையா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வயர்லெஸ் பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். புகார் கொடுக்க வந்து பெஞ்சில் காத்திருந்த ஒரு கிழவர்கூட, என்ன விஷயம் என்று தெரியாமலே சிரித்தார். பிரபின் மட்டும் சிரிக்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்து, "உன் பேர்ல ஒண்ணும் இல்லடே. சர்டிபிகேட்டுக்கு எழுதிப் போடு," என்றபோது, கைகூப்பிவிட்டு வெளியே வந்தான். அக்காள்காரி அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் ஹரிகுமார் வேகமாக அவன் பக்கம் வந்தார். ஒரு பெரிய பாரத்தை இறக்கி வைத்த நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. அவன் தோளில் கை போட்டார்.

"எல்லாம் முடிஞ்சுது மக்கா. நான் எழுதிக் குடுத்துட்டேன்லா? கத்தார் போ, நல்லா இரி. ஒண்ணும் மனசுல வச்சுக்காத."

பிரபின் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. அது தானாக இறங்கும்வரை காத்திருந்தான்.

"எண்ணெய்யைப் பத்திச் சொன்னதுக்கு எழுதிக் குடுத்துட்டிய சார். ரொம்ப நன்றி. கடற்கரைப் பயலுவள எனக்குத் தெரியும்னு அத்தனை பேரு முன்னால சொன்னியள்லா, அதை எந்த ஸ்டேஷன்ல வாபஸ் வாங்கணும்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே இடம் தெரியாமல் வழி கேட்கிறவனைப் போலத்தான் கேட்டான். ஹரிகுமார் கார் சாவியைத் தேட ஆரம்பித்தார். சாவி அவர் கையில்தான் இருந்தது.

பகவதி ஸ்கூட்டரைக் கிளப்பினார். ததேயுஸ் பின்னால் ஏறி உட்கார்ந்தான். வடசேரி வந்து சேரும்வரை ரோட்டில் போகிறவர்கள் யாருக்கும் அவன் கை காட்டவில்லை.